கடைக்குள் குளிர் இருக்கிறது, காற்று இருக்கிறதா?

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மூன்று மாடி ஜவுளிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். அரை மணி நேரம் போனால் தலை கனக்கும், கொட்டாவி வரும். பேத்திக்குப் பாவாடை எடுக்க வந்த பாட்டி, “நீங்க பாருங்க, நான் கொஞ்சம் வெளியே உட்கார்றேன்” என்று படிக்கட்டுக்குப் போய்விடுவார். சுவரில் இருக்கும் தெர்மாமீட்டரோ 24 டிகிரிதான் காட்டும். கூட்டத்துக்கு ஏசி போதவில்லை என்று நினைத்துக் கடைக்காரர் இன்னும் இரண்டு ஸ்பிளிட் மாட்டுவார். அடுத்த ஆடியிலும் பாட்டி படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

குளிர்விப்பது ஒரு வேலை, காற்றை மாற்றுவது வேறு வேலை. நம் ஊர் வணிகக் கட்டடங்கள் முதல் வேலைக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கின்றன. இரண்டாவது வேலை பெரும்பாலும் வரைபடத்திலேயே இருப்பதில்லை. இத்தனைக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாதிரியான மேட்டு நிலத்தில் இரண்டாவது வேலையை ஒழுங்காகச் செய்தால் முதல் வேலைக்கு ஆகும் மின்சாரமும் வருடத்தில் பல மாதங்கள் குறையும். சென்னைக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. அதை நாம் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் ஸ்பிளிட் ஏசி என்ன செய்கிறது என்று பார்க்கலாம். வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டில் பெரிய விசிறி சுற்றுவதைப் பார்த்து, அது வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இரண்டு யூனிட்டுக்கும் நடுவே போவது இரண்டு செம்புக் குழாய்களும் ஒயரும்தான். குழாய்க்குள் ஓடும் குளிர்பொருளைத்தான் மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்கிறார்கள். உள்ளே இருக்கும் சுருளில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி வெளியே தள்ள, அவுட்டோர் விசிறி அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. வெப்பம் வெளியே போகிறது, காற்று போவதில்லை. காலையில் கடை திறந்தபோது உள்ளே இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வந்து சில்லென்று முகத்தில் அடிக்கிறது. கூரையில் பதிக்கும் கேசட் ஏசியும் அப்படித்தான். வெளிக்காற்றுக் குழாய் இணைக்கச் சில மாடல்களில் வழி இருக்கும், ஆனால் அதைக் கேட்டு இணைப்பவர்கள் குறைவு.

அந்தக் காற்றில் மனிதர்கள் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் படிக்கட்டுப் பாட்டியின் நிலை புரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளிவருகிறது. மணிக்கு 50 கிராமுக்குக் குறையாத ஈரமும், 18 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவும் வருகின்றன. 1,000 பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் வெப்பம் மட்டும் 100 கிலோவாட், ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால் 28 டன் ஏசி அதற்கே போய்விடும். ஒரு மணி நேரத்தில் 50 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். பந்திக்கூடத்தில் பரிமாறும் சாம்பார், ரசத்திலிருந்து எழும் ஆவி இதில் சேராது.

கரியமில வாயுவுக்கு வருவோம். வெளிக்காற்றில் அது இப்போது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. 3,000 சதுர அடி, 10 அடி உயரம் கொண்ட ஒரு தளத்தில் 100 பேர் இருந்து, கதவு ஜன்னல் முழுக்க மூடியிருந்தால், ஒரு மணி நேரத்தில் அது 2,500-ஐத் தாண்டிவிடும். நிஜத்தில் வாசல் கதவு திறந்து மூடுவதால் இதைவிடக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த அளவு கரியமில வாயு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த எண் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது: நீங்கள் இழுக்கும் காற்றில் ஒரு பகுதி பக்கத்தில் நிற்பவர் விட்ட மூச்சு. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில், அக்கம்பக்கத்து மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குக் கொரோனா தொற்றியதை ஆய்வாளர்கள் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தார்கள். அந்த மூன்று மேசைகளையும் ஒரே ஏசியின் காற்று சுற்றி வந்திருக்கிறது. வெளிக்காற்று வர வழி ஏறக்குறைய இல்லவே இல்லை. நம் ஊரில் குளிரூட்டிய சாப்பாட்டு ஹால்களும் டியூஷன் சென்டர்களும் இதைவிட வேறு மாதிரிக் கட்டப்பட்டவை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. காற்றோட்டம் என்றால் என்ன என்று இந்த மாவட்டங்களில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயியைக் கேட்டால் மணி மணியாகச் சொல்வார். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரமும் போதும், ஆனால் காற்று ஓடியே ஆகவேண்டும். கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் புழு தழையை மூட்டை மூட்டையாகத் தின்று கழிவு போடும்போது புழு வளர்க்கும் மனையை மூடி வைத்தால் ஈரமும் கழிவின் வாயுவும் தேங்கி நோய் பிடிக்கும், கூடு போகும். அதனால் வெப்பமானியையும் ஈரமானியையும் மாட்டி வைத்து, எந்த ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது ஈரச் சாக்கு தொங்கவிடுவது என்று வேளைக்கு வேளை பார்த்துக்கொள்கிறார்கள். வெப்பம், ஈரம், காற்று மாற்றம் மூன்றையும் தனித்தனியாகக் கவனிக்கும் பழக்கம் புழு மனையில் இருக்கிறது. அதே குடும்பம் டவுனில் கடை கட்டும்போது எத்தனை டன் என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறது.

சரி, கடைக்காரர்கள் ஏன் வெளிக்காற்றைத் தவிர்க்கிறார்கள்? அதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு ஆளுக்கு வினாடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம், கடைகளுக்கான விதிகள் இதை ஒட்டித்தான் கேட்கின்றன. அப்படிக் கொடுத்தால் கரியமில வாயு 1,000-ஐ ஒட்டி நின்றுவிடும். ஆனால் வெளியே 37 டிகிரி, உள்ளே 25 என்றால், அந்த 8 லிட்டரைக் குளிர்விக்கவே ஆளுக்கு 100 வாட்டுக்கு மேல் பளு ஏறும். அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் உடல் வெப்பத்தோடு இன்னொரு ஆளின் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் பில்லைப் பற்றி மட்டும் யோசித்தால் கதவைச் சாத்துவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும்.

ஆனால் எந்நேரமும் மதியம் ஒரு மணியாக இருப்பதில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டரை ஒட்டி. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் ஓசூரில் வெளிக்காற்று 20 டிகிரிக்குக் கீழே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு ஐடி அலுவலகத்திலோ வங்கிக் கிளையிலோ ஆட்களும் கம்ப்யூட்டர்களும் விடும் வெப்பத்தைக் குறைக்க கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். வெறும் விசிறியால் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விட்டால் அதே வேலை நடந்துவிடும். பெரிய கட்டடங்களில் குளிர்வித்த காற்றை டக்ட் வழியாக அறைகளுக்கு அனுப்பும் பெரிய விசிறிப் பெட்டியான ஏஹெச்யூவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்யலாம். வெளியே குளிர்ந்திருந்தால் வெளிக்காற்றுத் தடுப்புத் தானாக முழுக்கத் திறக்கும், உள்காற்றுத் தடுப்பு மூடிக்கொள்ளும், கம்ப்ரசர் ஓய்வெடுக்கும். வெளியே சூடேறியதும் குறைந்தபட்ச வெளிக்காற்றுக்கு இறங்கிவிடும். ஈரம் எப்போதும் தூக்கலாக இருக்கும் சென்னையில் இதனால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். ஓசூரில் வருடத்தில் பல மாதங்கள் காலையும் இரவும் பலன் கிடைக்கும். கிருஷ்ணகிரியில் அதைவிடக் குறைவு, ஆனாலும் விட்டுவிடும் அளவுக்குக் குறைவில்லை.

கோடையிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. மார்ச் முதல் மே வரை மதிய வெயிலில் காற்று காய்ந்து கிடக்கிறது. 37 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை ஈரமான அட்டைத் திண்டு வழியாக இழுத்தால் 26 டிகிரியை ஒட்டி வெளிவரும். சென்னைக் கடற்கரைப் பக்கம் 35 டிகிரி, 60 சதவீதக் காற்றை அதே திண்டில் விட்டால் 30-க்குப் பக்கத்தில்தான் நிற்கும், அதுவும் சொதசொதவென்று. அதனால் மாங்கூழ் ஆலையின் பேக்கிங் கூடம், பெரிய சமையல் கட்டு, குடோன், தையல் யூனிட் போன்ற இடங்களுக்கு இங்கே பெரிய அளவு ஏர் கூலிங் முறை நன்றாக வேலை செய்யும். முழுக்க முழுக்க வெளிக்காற்று என்பதால் காற்று மாற்றமும் கூடவே கிடைத்துவிடும். அக்டோபர் மழையில் அது உதவாது, ஆனால் அப்போது வெறும் காற்றோட்டமே போதும். உள்ளே வரும் காற்று வெளியேற வழி இருக்கவேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கூலரை ஓடவிட்டு ஷட்டரை இறக்கினால் பத்து நிமிடத்தில் அறை நீராவிக் கூடம்தான்.

உயரத்தால் ஒரு தொந்தரவும் உண்டு. ஓசூரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கேட்லாக்கில் போட்டிருக்கும் கன அடிக் கணக்கைச் சென்னைக்கு எடுப்பது போலவே இங்கே எடுத்தால், விசிறி அதே கன அளவைத் தள்ளும், ஆனால் அதில் காற்றின் எடை குறைவு, சுமக்கும் வெப்பமும் குறைவு. வெளியூரிலிருந்து வரும் கான்ட்ராக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் என்றால் மற்ற கணக்கும் சரியாகப் போடுவார்.

டன் என்ற அளவே ஐஸ் வியாபாரக் காலத்தில் பிறந்தது. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் ஒரு டன், 3.5 கிலோவாட். அது சதுர அடியைப் பொறுத்த விஷயம் அல்ல. இத்தனை சதுர அடிக்கு ஒரு டன் என்று போடும் கணக்கில் கூரை எங்கே இருக்கிறது, கண்ணாடி எந்தத் திசையில் பார்க்கிறது, எத்தனை பேர் வருவார்கள் என்ற எதுவும் இல்லை. நாம் 12, 12.5 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுபடியும். சுவரை விட மொட்டை மாடிதான் வெயிலை வாங்குகிறது. அந்தக் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைச் சேர்த்து வைத்து, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு, கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும் அதே நேரத்தில், கீழே இறக்கும். மேல் தளத்துக்கு இன்னொரு 5 டன் வாங்கும் காசில், தளத்துக்கு மேலே வெப்பத் தடுப்புப் பலகை போட்டு வெள்ளை ஓடு பதித்தால் அது ஆயுளுக்கும் நிற்கும். ஃபால்ஸ் சீலிங் இந்தச் சூட்டை நிறுத்தாது, கண்ணிலிருந்து மறைக்கும். மேற்கு பார்த்த முகப்பில் முழுக் கண்ணாடி வைக்கும் ஆசையைப் பற்றி என்ன சொல்வது? வைத்தே தீரவேண்டும் என்றால் வெளிப்பக்கம் நிழல் தட்டியாவது கொடுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைப் பிடிக்கிறது.

தேவைக்கு மேல் டன் போட்டாலும் கெடுதல்தான். பெரிய மெஷின் வெப்பநிலையை வேகமாக இறக்கிவிட்டு நின்றுவிடும். சுருள் நீண்ட நேரம் குளிர்ந்திருந்தால்தான் காற்றின் ஈரம் அதில் படிந்து டிரெயின் பைப்பில் வடியும். நின்று நின்று ஓடினால் ஈரம் அறையிலேயே தங்கும், 22 டிகிரியிலும் பிசுபிசுக்கும், ஐப்பசி மழையில் துணிக்கட்டில் பூஞ்சை வாடை வரும்.

அவுட்டோர் யூனிட்டுகளை எங்கே வைக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். நம் கடைத்தெருக்களில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே மூன்றடிச் சந்து இருக்கும். அதில் பத்துப் பதினைந்து யூனிட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கீழ் யூனிட் விட்ட சூட்டை மேல் யூனிட் இழுக்கும். வெளியே 37 டிகிரி என்றால் சந்துக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். குளிர்விக்கும் திறன் இறங்கும், மின்சாரம் ஏறும், கம்ப்ரசர் சீக்கிரம் போகும். ஏசி கம்பெனியைத் திட்டுவதற்கு முன் சந்தில் கையை நீட்டிப் பார்க்கவேண்டும்.

பெரிய கட்டடம் என்று வந்தால் தண்ணீர்க் கேள்வி எழும். கட்டடம் முழுக்கச் சுற்றும் தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரமான சில்லரின் வெப்பத்தை வேறு தண்ணீரில் இறக்கி, மாடியில் கூலிங் டவரில் ஆவியாக்கி வெளியேற்றும் முறை, காற்றால் ஆறும் சில்லரை விடக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். பாடப்புத்தகம் அதைத்தான் பரிந்துரைக்கும். ஆனால் ஒரு டன்னுக்கு மணிக்கு 6, 7 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். 100 டன் அமைப்பு பத்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 6,500 லிட்டர். ஆவியானது போக மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போவதால் அதில் ஒரு பங்கை அவ்வப்போது கொட்டவும் வேண்டும். ஃப்ளூரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்டு, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவர நேர்ந்த மாவட்டங்கள் இவை. பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. கீசர் சுருளில் வெள்ளையாகப் படிவது சில்லரின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் கண்டென்சர் குழாய்களிலும் படியும், படிந்தால் மிச்சம் பிடித்த மின்சாரம் அதிலேயே போய்விடும். பராமரிக்காத டவர் நோய்க்கும் இடம். 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் பரவிய மர்ம நிமோனியாவுக்குப் பிறகுதான் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். இதமான வெந்நீர் தேங்கும் இடங்களில் அது பெருகும், டவரின் திவலைகளில் ஏறிப் பரவும்.

அதனால் என் கருத்து இது: கழிவுநீரைச் சுத்திகரித்து மென்மையாக்கித் திரும்பப் பயன்படுத்தும் வசதியும் அதைக் கவனிக்க ஆளும் உள்ள பெரிய மருத்துவமனை, ஓசூர் தொழிற்சாலை போன்ற இடங்களைத் தவிர, இங்கே கூலிங் டவர் வேண்டாம். மற்றவர்களுக்குக் காற்றால் ஆறும் முறையே சரி. குறிப்பாக, ஒரு அவுட்டோரிலிருந்து பல அறைகளுக்குத் தேவைக்கேற்பக் குளிர்பொருளைப் பிரித்துக் கொடுக்கும் விஆர்எஃப் நல்ல தேர்வு. கூடவே தனியாக வெளிக்காற்று ஏற்பாடும் இருக்கவேண்டும், ஏனென்றால் விஆர்எஃப்பும் அடிப்படையில் பெரிய ஸ்பிளிட்தான்.

மருத்துவமனைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அறுவை அரங்கில் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை சுற்றி மாறவேண்டும், அதில் 4 முறைக்கான அளவு வெளிக்காற்றாக இருக்கவேண்டும் என்பது மருத்துவமனைத் தர விதிகளின் கணக்கு. அறைக்குள் காற்றழுத்தம் வராந்தாவை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும், தொற்று நோயாளியின் அறையில் குறைவாக. சுவரில் மாட்டிய ஸ்பிளிட்டால் இதில் எதையும் செய்ய முடியாது.

வெப்பநிலையை எங்கே வைப்பது என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற புதிய அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்கவேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். விசிறியோடு சேர்த்து 26 வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. டக்ட் உள்ள இடங்களில் விசிறி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி போட்டால் இன்னும் லாபம். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். உயர் அழுத்த இணைப்பு உள்ளவர்கள் உச்சத் தேவைக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுவதால் அவர்களுக்கு இது இரட்டை மிச்சம்.

ஏற்கெனவே கட்டிய கடைக்கு என்ன செய்யலாம்? ஒரு பக்கம் ஃபில்டரோடு வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி, எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வந்த காற்று அப்படியே போய்விடும். நெடுஞ்சாலைப் பக்கமும் ஜெனரேட்டர் புகைக்குழாய் பக்கமும் காற்று எடுக்கக் கூடாது, மாடி மட்டத்தில் பின்பக்கம் எடுப்பது நல்லது. உள்ளே தள்ளுவது வெளியே இழுப்பதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வாசல் வழியாகத் தெருத் தூசி நுழையாது. வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உள்ளே வரும் சூடான காற்றை முன்கூட்டியே ஆற்றும் வெப்ப மீட்புக் கருவிகளும் கிடைக்கின்றன. நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும் இடத்துக்கு அது தன் விலையை மீட்டுக் கொடுக்கும். கரியமில வாயுவைக் காட்டும் சின்ன மீட்டரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். 1,000-ஐத் தாண்டினால் விசிறியைக் கூட்டவேண்டும், கூட்டம் குறைந்தால் இறக்கலாம். அப்புறம், ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள், அடைத்த ஃபில்டர் இந்த ஏற்பாடு முழுவதையும் வீணாக்கிவிடும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், ஆனால் நேரம் முக்கியம். இங்கே ஏசிக்காரரைக் கூப்பிடுவதே பெரும்பாலும் பூச்சு வேலை முடிந்த பிறகுதான். அப்போது பீமில் ஓட்டை போட முடியாது, டக்டும் குழாய்களும் மேலும் கீழும் போகும் ஷாஃப்டுக்கு இடம் இருக்காது, அவருக்கு மிஞ்சுவது அந்த மூன்றடிச் சந்து ஒன்றுதான். ஃபவுண்டேஷன் போடும் முன்பே, இன்ஜினியரின் வரைபடம் மேசையில் இருக்கும்போதே ஏசிக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு தளத்துக்கும் வெளிக்காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.